நான்காம் எண்ணின் இடது காலுறை

மாலை ஆறு மணி இரண்டு நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது ஒரு காலுறை. ஊதா நிறம், இடது கால், கணுக்கால்வரை சரிந்து கிடந்தது. அதற்குரியவர் குனிந்து முழங்கால்வரை இழுத்துவிட்டார். அவர் நிமிர்வதற்குள் அது பாதி இறங்கிவிட்டது.

"வந்துட்டா என் ராசாத்தி," என்றார் லெச்சுமி.

"பேசாதே," என்றேன்.

"இன்னும் விசில் ஊதலக்கா. ஊதுற வரைக்கும் இந்த வாய் எனக்குச் சொந்தம்."

விசில் ஊதியது. ஸ்பெயினில் அப்போது நண்பகல். ஜொகூர் பாருவில் ஒரு கடைவரிசையின் நான்காவது மாடியில், நானும் லெச்சுமியும் ஸ்பெயின் பெண்கள் கால்பந்து முதல்நிலை லீகின் ஒரு பருவத்துக் கடைசி ஆட்டத்தைப் பதிவு செய்யத் தொடங்கினோம். எனக்கு அது வேலையிலும் கடைசி ஆட்டம். மறுநாள் எனக்கு அறுபது வயது நிறைகிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. போன மாதம் அந்த அலுவலகத்திலிருந்து, நான் பார்த்திராத ஒரு பெண் அழைத்தார். பந்தை யார் தொட்டார் என்பதை இப்போது கேமராக்களே சொல்லிவிடுகின்றனவாம். பழைய கையேட்டைச் சுருக்கும் வேலை அவருடையது.

"ஆன்ட்டி, பதினாலாவது ரூல்ல ஒரு லைன் இருக்கு. 'அறியாத கண் அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் மூன்றாம் மாடிப் பல் கிளினிக்கிலிருந்து அழைக்கலாம்'னு. இது யாரோ ஜோக் பண்ணினதா, இல்ல நெஜமாவே ரூலா?"

"ரூல்தான்."

"அலமாக்! எப்படி ஆன்ட்டி?"

போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை இதுதான்: உலகத்தில் எங்கோ நடக்கும் கால்பந்து ஆட்டத்தைத் திரையில் பார்த்து, பந்தை ஒவ்வொரு முறை யார் தொட்டார் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் இருவர். ஒருவர் குரல், மற்றவர் கை. குரல் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கை விசைப்பலகையைவிட்டு விரலை எடுக்கக் கூடாது. குரல் சொல்ல வேண்டியவை நான்கே சொற்கள்: யார், எதனால், எங்கே, சேர்ந்ததா. "நாலு, இடது, ஏழுக்கு, சரி." "ஏழு, தலை, ஒன்பதுக்கு, இல்லை." நான் சொல்லச் சொல்ல லெச்சுமி தட்டுவார். அந்த வரிகள் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் லீகுக்கும் போகும். உறவினர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிடுவோம். கல்யாண வீட்டில் இதை முழுதாக விளக்க ஒருமுறை முயன்றேன். கேட்டவர் பாயசம் வாங்கப் போய்விட்டார்.

அதற்கு முன் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தேன். அங்கே பயிற்சி என்று ஒன்று நடந்தது முதல் வாரத்தில். "அபாரமான கோல்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் தாளைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்தக் காலு?" எனக்குத் தெரியவில்லை. "அப்ப நீ கோலைப் பார்க்கல. கைதட்டலைப் பார்த்திருக்கே." அவ்வளவுதான் பயிற்சி. பக்கம் பாதியாகி, பாதியும் கால்பக்கமானபோது ஐம்பத்திரண்டு வயதில் இந்த அலுவலகத்துக்கு வந்தேன். கால் எது என்று பார்க்கத் தெரிந்திருந்தது. அதனால் குரலானேன்.

லெச்சுமி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பாசீர் கூடாங் துறைமுகத்தில் வருடக்கணக்காகக் கன்டெய்னர் எண்களைத் தட்டியவர். "ஒரு கன்டெய்னருக்குப் பதினொரு எழுத்துக்கா. இங்க என்ன, முதுகுல ஒரு நம்பர்," என்று முதல் நாளே சொன்னார். தினமும் கூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். விசைப்பலகையைக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. அவரிடம் ஒரே குறை. மகிழ்ச்சி வந்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் இரண்டு கைகளும் விசைப்பலகையைவிட்டுத் தலைக்கு மேலே போய்விடும்.

அலுவலகத்தில் சத்தம் போடுவது விதிப்படி தவறு. கோல் விழுந்ததும் ஆட்டம் நின்றுவிட்டதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை அதிகம். கொடி உயர்ந்ததா, நடுவர் காதில் விரலை வைத்தாரா, கோல் நின்றதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தின் இரண்டாவது வாரத்தில் லெச்சுமி கத்திய கத்தலில் எல்லைக் கொடி உயர்ந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. நடக்காத ஒரு கோல் எங்கள் பதிவில் நான்கு நிமிடம் உயிரோடு இருந்தது.

அன்றுதான் ஃபரீதாவின் முறையை முதலில் பார்த்தேன். ஃபரீதா அந்தப் பருவத்தில் புதிதாக வந்த எங்கள் மேலாளர். கூலாயில் அவர் அத்தா நடத்திய நாசி கண்டார் கடையில், பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர். தட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே சோற்றுக்கடியில் முட்டை ஒளிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். "தப்பு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரு முறையும் கேட்டதில்லை. மெதுவாக நடந்து வருவார். கையிலிருக்கும் பேனாவை விசைப்பலகைக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக, படுக்க வைப்பார். "மறுபடி பாருங்க," என்பார். நாம் பார்த்து, கண்டுபிடித்து, திருத்தும்வரை பேனா அங்கேயே கிடக்கும். பிறகு எடுத்துக்கொண்டு போவார். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்போம். அந்தப் பேனா கனவில் வந்தது.

அந்த வாரமே ஒரு வழக்கம் தொடங்கியது. ஆட்டத்தில் முதலில் சத்தம் போடுகிறவர் மறுநாள் எல்லாருக்கும் கீழே தமிழ் முஸ்லிம் உணவகமான மாமாக் கடையிலிருந்து தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய தேநீர், வாங்கித் தர வேண்டும். நவம்பருக்குள், திங்கட்கிழமை லெச்சுமியின் தலை தெரிந்தாலே கடையில் சலீம் கிளாஸ்களை அடுக்கத் தொடங்கினார். "என்னக்கா, நேத்தும் கோலா?"

"கோல் இல்ல தம்பி. கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு. அதுக்கே கத்திட்டேன்."

எங்கள் மேசைக்கு இந்த லீக் வந்தது தற்செயல். ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்த காலம் அது. ஞாயிறு மாலை வேலைக்கு இருந்த மேசைகளில் எங்கள் மேசைதான் காலி. அணிகளை நிறத்தால் மட்டும் சொல்வது எங்கள் வழக்கம். எங்களுக்கு வந்தது ஊதா. அந்தப் பருவத்தில்தான் முதல்நிலைக்கு ஏறி வந்த, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் அணி. மைதானத்தில் ஒரு கோலுக்குப் பின்னால் அடுக்குமாடி வீடுகள். ஒரு பால்கனியில் ஒருவர் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் துணி காயப்போடுவார். ஊதா கோல் வாங்கினால் ஈரச் சட்டை ஒன்றை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். முதல் இரண்டு மாதம் அவர் முகத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

மழையில் முதுகு எண்கள் தெரியாது. உடம்பைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் எண் கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவர்போல் கையை வீசி ஓடுவார். கோல்காவலர் பந்தைப் பிடித்ததும் அதை இரண்டு தட்டுத் தட்டுவார், தூங்கவைப்பதுபோல. நான்காம் எண் தடுப்பாட்டக்காரர், முப்பத்தாறு வயது, அணியில் மூத்தவர். அவருக்குக் காலுறை. ஒவ்வொரு கார்னர் உதைக்கு முன்னும் இடது காலுறையை இழுத்துவிடுவார். பந்து வந்து சேர்வதற்குள் அது இறங்கிவிடும். அவர் தொட்டால் பந்து நம் ஆளிடம் போகும். தப்பாகத் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை அச்செடுக்கும் பட்டியலில், அவருக்கு நேரே, கோல் என்ற கட்டத்தில் 0. முதல்நிலை லீகில் அதற்கு முன் வேறு அணிகளில் ஆடிய வருடங்களுக்கும் 0.

"ராசாத்திக்கு ஒன்னே ஒன்னு வேணும்கா," என்பார் லெச்சுமி. "ஒன்னு விழுந்தா கூலாய்க் கோயில்ல பதினோரு தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டியிருக்கேன்."

"அவர் தடுக்கிறவர். கோல் போடுறது அவர் வேலை இல்லை."

"என் வேலை தட்டுறது. அதுக்காக நான் கத்தாம இருக்கேனா?"

அலுவலகம் முழுவதும் ஊதாவின் பக்கம் சாய்ந்தது ஒரு நாயால். மழைநாள் ஆட்டம் ஒன்றில், பழுப்பு நிற நாய் வேலியின் கீழே நுழைந்து மைதானத்தின் நடுவுக்கு வந்து, உருண்டு வந்த பந்தை மூக்கால் தள்ளிவிட்டது. எங்கள் விதிப்படி ஒவ்வொரு தொடலும் பதிவாக வேண்டும்.

"யாருக்கா தொட்டது?"

"நாய்."

"நாய்க்கு என்ன நம்பர்?"

ஆட்டம் தடைபட்டதற்கான காரணங்களில் மழை, விளக்கு, காயம் என்று மூன்றுதான் இருந்தன. லெச்சுமி மழையைத் தட்டினார். ஃபரீதா வந்தார். பேனா படுத்தது. "மறுபடி பாருங்க."

"பார்த்தாச்சு பாஸ். நாய்தான்."

"நாய் மழை இல்ல."

"அப்ப என்ன பாஸ்? காயமா?"

ஃபரீதா திரையருகே குனிந்தார். நாய் அதற்குள் நடுவரின் காலணியை முகர்ந்துகொண்டிருந்தது. "வெளியாள்னு ஒரு வரி போடுங்க," என்றார் கடைசியில். எங்கள் பதிவில் அப்படித்தான் இருக்கிறது: வெளியாள், மூக்கு, யாருக்கும் இல்லை.

அந்த வரியைப் பார்க்கப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. நெதர்லாந்து இளைஞர் லீகைப் பதிவு செய்துகொண்டிருந்த அஸ்மான், தடுப்புக்கு மேல் தலை தெரியும்படி நாற்காலியை உயர்த்திக்கொண்டார். வெள்ளைப் பலகையில் யாரோ ஒரு காலுறை வரைந்தார்கள். அழித்தால் மறுநாள் வேறு மூலையில் முளைத்தது. கீழே வாசலில் நிற்கும் நேப்பாளக் காவலர் பகதூர், ஞாயிறு மாலைகளில் சாவி சரிபார்க்க நான்காம் மாடிக்கு வரத் தொடங்கினார். பிப்ரவரியில் ஊதா மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து வென்றது. பால்கனிக்காரர் சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றினார். எதையும் காட்டிக்கொள்ளாதவர் ஃபரீதா ஒருவர்தான். அவருடைய பேனா மூடி ஏப்ரலில் ஊதா நிறத்துக்கு மாறியதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். ஊதா தோற்காமல் இருந்தால் போதும், லீகில் நீடிக்கும். தோற்றால் இறங்கும். எதிரே பச்சை. அன்று மதியம் அஸ்மான் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நான்காம் எண் கையில் பூங்கொத்து, கண்ணாடிச் சட்டமிட்ட ஜெர்சி. கீழே இருந்த ஸ்பானிய வரியைப் போனே மொழிபெயர்த்தது: இன்றோடு ஓய்வு பெறுகிறார்.

லெச்சுமி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளா? உங்களுக்கு யாரும் பூ தரலையே அக்கா."

"நான் இன்னும் ஆடி முடிக்கல," என்றேன்.

முப்பத்தோராவது நிமிடத்தில் பச்சை கோல் போட்டது. பால்கனியில் சட்டை ஏறியது. ஏழு மணிக்கு மேல் ஃபரீதா மஃரிப் தொழ, தொழுகை அறையான சூராவுக்குப் போனார். பிற மேசைகளில் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஏழு மணி நாற்பத்தேழு. எண்பத்தெட்டாவது நிமிடம். ஊதாவுக்குக் கார்னர். நான்காம் எண் பெட்டிக்குள் வந்து நின்று, குனிந்து, காலுறையை இழுத்துவிட்டார். பதினோராம் எண் உதைத்தார். ஏழெட்டுக் கால்கள் ஒரே இடத்தில் உயர்ந்தன. பந்து வலைக்குள் இருந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் நின்றுகொண்டிருந்தேன். என் நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. லெச்சுமியின் கைகள் தலைக்கு மேல். அஸ்மான் மேசைமேல் ஏறியிருந்தார். பகதூர் தொப்பியைக் கழற்றி அதற்குள் கத்திக்கொண்டிருந்தார். திரையில் பால்கனிக்காரர் கொடியிலிருந்த துணி முழுவதையும் அள்ளித் தெருவில் எறிந்தார். எட்டு வருடங்களில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான்.

நாற்காலியை எடுத்து உட்கார்ந்து திரையின் இடப்பக்கம் பார்த்தேன். கார்னர் உதைக்குப் பின் பதினொரு விநாடிகள் பதிவில் வெறுமையாக இருந்தன.

மிச்சமிருந்த ஆட்டத்தை ஒழுங்காக முடித்தோம். ஒன்றுக்கு ஒன்று. ஊதா லீகில் நீடித்தது. ஆனால் தொலைக்காட்சித் திரையின் அடியில் கோல் போட்டவர் ஒன்பதாம் எண் என்று போட்டிருந்தார்கள். ஒன்பதுதான் கையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கொடி நோக்கி ஓடினார். நான்காம் எண் மூன்று பேருக்கு அடியில் புல்லில் கிடந்தார். எழுந்ததும் காலுறையை இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது ராசாத்தி கோலுக்கா," என்றார் லெச்சுமி. "என்னா அநியாயம் இது! ஒம்போது ஓடினா ஒம்போது கோலா?"

"தெரியல."

"உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் கத்திட்டேன் லெச்சுமி."

அவர் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் விசையை என் பக்கம் நகர்த்தினார்.

ஆட்டம் முடிந்து அரைமணி நேரத்தில் பதிவு பூட்டப்படும். பிறகு நாங்களே நினைத்தாலும் மாற்ற முடியாது. பின்னோக்கி ஓட்டி, மெதுவாக்கிப் பார்த்தேன். ஒன்பதின் காலணி பந்துக்கு மேலே காற்றை உதைத்தது போலிருந்தது. பந்து நான்கின் இடது காலில், சரிந்த காலுறையின் மடிப்பில் பட்டபோது அதன் சுழற்சி மாறியது போலிருந்தது. பச்சைத் தடுப்பாளர் ஒருவரின் இடுப்பும் பக்கத்தில் இருந்தது. நான்குதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் செப்டம்பரிலிருந்தே அப்படித் தோன்ற வேண்டும் என்று காத்திருந்த கண் அது. அதை நான் நம்பவில்லை. ஒரு பெண் தன் காலமெல்லாம் ஆடிப் போட்ட ஒரே கோலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அல்லது போடாத கோலை அவருக்குப் பரிசாகத் தந்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே விசைதான்.

பேனா வந்து படுத்தது. ஃபரீதா.

"நீங்க கத்துனீங்களா கமலாக்கா?"

"கத்தினேன்."

"லெச்சுமி?"

"என்னையெல்லாம் கேக்கணுமா பாஸ்?"

"அப்ப பதினாலு," என்றார்.

பதினான்காம் விதி இதுதான்: சத்தம் போட்ட கண் சாட்சி ஆகாது. குரலும் கையும் சத்தம் போட்டிருந்தால், அந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. மேசையில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும்; அதை அவர் சொல்லி முடித்த பிறகே கேட்கலாம்.

ஃபரீதா திரும்பிப் பார்த்தார். அஸ்மான் இன்னும் மேசைமேல்தான் இருந்தார். "அஸ்மான் வேணாம்," என்றார். மற்ற ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்தார். ஒருவர் கழுத்தில் ஊதாத் துண்டு. பகதூரின் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவர், "நொம்போர் எம்பாட், பாஸ்!" என்று விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நான்காம் எண் என்று தீர்ப்பு வந்துவிட்டது, கேள்விதான் கேட்கப்படவில்லை. ஃபரீதா கீழே மாமாக் கடைக்குப் போன் போட்டார். சலீம் எடுத்ததும் முதலில் கேட்டது: "ராசாத்தி போட்டாளா பாஸ்? மேல சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு!" ஃபரீதா போனை வைத்தார்.

"இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கூட இல்லையா?" என்று அவர் கேட்டதில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

எட்டு மணிக்கு இன்னும் ஒரு நிமிடமே இருந்தது. ஃபரீதா படியிறங்கி ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் பல் கிளினிக் எட்டு மணிக்கு மூடும். திரும்பி வந்தபோது கூடவே வரவேற்பு மேசையில் இருக்கும் மிஸ் கோ, முகக்கவசம் தாடையில் தொங்க, வந்தார். அவருக்குப் பின்னால், ஈறு மரத்துப்போவதற்காகக் காத்திருந்த நோயாளி ஒருவரும் வாயில் பஞ்சுடன் ஏறி வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

"போலா?" என்றார் மிஸ் கோ. பந்தா என்று அர்த்தம். "சாயா தெங்கோக் பேட்மிண்டன் சாஜா." தான் பார்ப்பது பூப்பந்து மட்டும்தான் என்றார்.

"பாகுஸ்!" என்றார் ஃபரீதா. இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு எங்களைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் படிக்க மூன்று வயதுக் குழந்தைக்கும் முடிந்திருக்கும். "எல்லாரும் சுவத்தைப் பாருங்க. லெச்சுமி வெளிய. பகதூர், கதவைச் சாத்திட்டு அவங்களைப் பிடிச்சுக்கோங்க."

பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், ஓய்வுபெற ஒரு நாள் இருக்கும் நான், ஒன்பது பேர் சுவரில் மூக்கு இடிக்க வரிசையாக நின்றோம். என் மூக்குக்கு நேரே ஏர்கான் சர்வீஸ் ஸ்டிக்கர். கடைசியாகச் சர்வீஸ் செய்த தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"சியாபா செந்தோ தெராக்கிர்?" என்ற ஃபரீதாவின் குரல் பின்னால் கேட்டது. கடைசியாகத் தொட்டது யார்? விதியில் இருக்கும் அந்த ஒரே கேள்வி.

"லாகி," என்றார் மிஸ் கோ. இன்னொரு முறை.

ஓட்டினார்கள்.

"லாகி."

அஸ்மானின் தோள் என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பா, பயமா தெரியவில்லை. எனக்கு இரண்டும் இருந்தன.

"நொம்போர் செம்பிலான், தாக் கெனா." ஒன்பதாம் எண்ணுக்குப் படவில்லை என்றார். நாற்காலி நகரும் சத்தம். "யாங் ஸ்தோக்கிங் ஜாத்தோ."

காலுறை விழுந்தவர்.

"ம்ம்! ம்ம்!" என்றார் பஞ்சுக்காரர்.

"என்சிக் தாக் கிரா," என்றார் ஃபரீதா. உங்களுடையது கணக்கில் சேராது.

சுவரைவிட்டு யாரும் திரும்பவில்லை. அதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை.

மிஸ் கோ எழுந்து போகும்போது திரையைக் காட்டி, அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல விதி இடம் தராது என்றார் ஃபரீதா. பதிவு பூட்டிய பிறகு தானே கீழே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

லெச்சுமி உள்ளே விடப்பட்டார். பகதூரின் சட்டைக் கை அவர் பிடியில் கசங்கியிருந்தது. வந்து உட்கார்ந்து விரல்களை விசைப்பலகையில் வைத்தார். என்ன முடிவு என்று கேட்கவில்லை. என் குரலுக்குக் காத்திருந்தார்.

"நாலு," என்றேன். விரல் ஒரு கணம் நின்றது, பிறகு தட்டியது. "இடது. உள்ளே. கோல்."

எட்டு மணி பத்தொன்பது நிமிடம். பூட்டுவதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. லீகின் அறிக்கையோடு முரண்படுவதால் படத்துண்டையும் மறுஆய்வுக் கோரிக்கையையும் இணைத்து அனுப்பினோம். அதன் பிறகுதான் லெச்சுமி அழுதார். அழுகைக்குத் தே தாரேக் உண்டா என்று அஸ்மான் கேட்டார்.

விதிப்படி கடைசியாக ஒலிப்பதிவு. ஃபரீதா ஓடவிட்டார். என் குரல், கல்லைப் போல: "பதினொன்று, வலது, பெட்டிக்குள், சரி. நாலு, இடது..." அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு பெருங்கத்தல் அதை மூடிவிட்டது. கத்துவதற்கு முன்பே நான் நாலு என்று சொல்லியிருக்கிறேன். லெச்சுமியின் கைதான் அப்போது மேலே இருந்திருக்கிறது.

ஆனால் அறையில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அந்தக் கத்தலைக் கவனித்தார்கள். அது லெச்சுமியின் குரல் அல்ல. லெச்சுமியின் கத்தல் அதற்குப் பின்னால் வருகிறது, என்னுடையது அதற்கும் பின்னால். முதல் குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. சூராவிலிருந்து திரும்பி வந்து நின்ற யாரோ ஒருவர். சொற்கள் தெளிவாகக் கேட்டன: "யா அல்லா, ராசாத்தி!"

லெச்சுமி கண்ணைத் துடைத்தார். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, ஒலிப்பதிவுப் பொத்தானுக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக, மெதுவாகப் படுக்க வைத்தார்.

"பாஸ்," என்றார், "மறுபடி கேளுங்க."

ஃபரீதா ஒலிப்பதிவை மறுபடி ஓடவிட்டார். முழுவதும் கேட்டார். பேனாவை எடுத்து, ஆட்ட அறிக்கையின் அடியில் 'சத்தம் போட்டவர்கள்' என்ற இடத்தில் மூன்று பெயர்கள் எழுதினார். முதல் பெயர் அவருடையது. அப்புறம் கையேட்டை எடுத்துப் பதினான்காம் விதியின் அடியில், பல் கிளினிக்கைப் பற்றி அந்த வரியைச் சேர்த்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. மிஸ் கோவுக்குப் பதில் சொல்லப் படியிறங்கிப் போகும்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அலுவலக அட்டையை ஒப்படைக்கப் போனேன். என் மேசையில் பூங்கொத்து ஒன்று, கோயில் வாசல் கடையில் வாங்கிய மல்லிகையும் சாமந்தியும், ஊதா ரிப்பன் கட்டியது. மாமாக் கடையின் தட்டில் பதினொரு கிளாஸ் தே தாரேக்கை ஏந்தியபடி ஃபரீதா படியேறி வந்தார். மூன்றாம் மாடியில் ஏற்கனவே ஒன்றை இறக்கிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை லெச்சுமி என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். லீக் வெளியிட்ட பருவ இறுதிப் பட்டியல். நான்காம் எண்ணுக்கு நேரே, கோல் என்ற கட்டத்தில், 1 என்று இருந்தது.